‘ஐ கேன் தோல் இட்’: நோயாளி சொல்லும் இந்த ஸ்காட்டிஷ் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

பாமணி கேட்டது:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். இப்போது ஸ்காட்லாந்தில், ஏர்ஷயரில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு அறுவை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு சொல்லுக்கு எனக்குச் சரியான பொருள் தெரிந்தாக வேண்டும்.

முழங்கால் மாற்று அறுவை முடிந்த பெரியவர் ஒருவர். வாழ்நாள் முழுக்க மாட்டுப் பண்ணையில் இருந்தவர். “வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்” என்று கேட்டால் எண்ணே வராது. “ஆஹ், ஐ கேன் தோல் இட், ஹென்” என்பார். (இந்தப் பக்கம் பெண்களை அன்பாக ‘ஹென்’ என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் ‘கண்ணு’ என்பது போல.) இவர் மட்டுமில்லை, வயதானவர்கள் பலர் இதே சொல்லைச் சொல்கிறார்கள்.

கூட வேலை செய்யும் இளவயது ஸ்காட்டிஷ் பெண் ஒருத்தி, “அப்படின்னா ஓகேன்னு அர்த்தம், விடு” என்கிறாள். வார்டில் மூத்த சிஸ்டர், “அப்படிச் சொன்னால் மறுபடி போய்க் கேள்” என்கிறார். இருவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். பெயின் ஸ்கோர் கட்டத்தில் நான் எதை எழுதுவது?

இங்கே வருவதற்கு முன் எழுதிய ஆங்கிலப் பரீட்சை எதிலும் இந்தச் சொல் இல்லை. இது எங்கிருந்து வந்தது, யார் பேசுவது, உண்மையில் என்ன பொருள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள். படிக்க நேரம் இருக்கிறது, நாளை எனக்கு லீவு.

ஏர்க்கரையான் எழுதியது:

தங்கச்சி, முதலில் வேலைக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூத்த சிஸ்டர் சொல்வதுதான் சரி. ‘தோல்’ என்று ஒருவர் சொன்னால் வலி இருக்கிறது என்று பொருள். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறார். ‘வலி இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எண் கேட்டால் வராது. “ராத்திரி தூக்கம் வந்ததா? காலை மடக்க முடிகிறதா? கழிவறை வரை நடந்தீர்களா?” என்று கேளுங்கள். அப்போது விஷயம் வெளியே வரும்.

நான் இதை அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மனைவி மாக்லின் ஊர்க்காரி. அவளுடைய அம்மா, என் மாமியார், மாடு கறந்தே வளர்ந்தவர். அவர் வாயில் இந்தச் சொல் மூன்று விதமாக வரும். தனக்கு வலித்தால் “ஐ கேன் தோல் இட்”. பேரப்பிள்ளை மழையில் விளையாட முடியவில்லை என்று சிணுங்கினால் “யில் ஜிஸ்ட் ஹே தே தோல் இட்”, அதாவது வேறு வழியில்லை, பொறுத்துக்கோ. ஒரு ஆளை அறவே பிடிக்காவிட்டால் “ஐ கான்னே தோல் ஹிம்”, அந்த ஆளை என்னால் சகிக்க முடியாது. இந்த மூன்றாவதை அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்! மூன்றிலும் அடியில் இருப்பது ஒன்றே: பாரம் இறங்கவில்லை, சுமந்துகொண்டு நிற்கிறேன்.

இளவயதுப் பெண் ‘ஓகே’ என்று எடுத்துக்கொண்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தத் தலைமுறைக்குச் சொல் காதில் விழுகிறது. தாங்களே சொல்வது குறைந்துவிட்டது. கேட்கும் தொனியை வைத்துப் பொருள் கொள்கிறார்கள். பெரியவர்களோ முனகாமல், அமைதியாக, ஏறக்குறைய சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் நம் உடம்புத் தோல் போல ஆகிவிடுகிறது. முதல் ஒலி ‘தேங்க் யூ’ என்பதில் வரும் ஒலிதான், நுனி நாக்கு பல்லிடுக்கில் வர வேண்டும்.

எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘தோலியன்’ என்று ஒரு வினை இருந்தது. பொருள்: பொறு, தாங்கு, துன்பப்படு. பழைய நார்ஸ் மொழியில் ‘தோலா’. ஸ்வீடன்காரர் இன்றும் ‘தோலா’ என்பார், டென்மார்க்காரர் ‘தோலெ’. ஜெர்மானியர் பொறுமைக்குச் சொல்லும் ‘கெடுல்ட்’ கூட இதே குடும்பம். ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க இந்தச் சொல் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் லண்டனில் எழுதிய கவிஞர் சாஸரே பயன்படுத்தியிருக்கிறார். பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த ‘சஃபர்’, ‘என்ட்யூர்’ இரண்டும் தெற்கே இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வடக்கே, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட மாவட்டங்களிலும், வீட்டுப் பேச்சில் இது தங்கிவிட்டது.

ஏர்ஷயரில் இருந்துகொண்டு இந்த மண்ணின் கவிஞர் பர்ன்ஸை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பேச முடியாது. ராபர்ட் பர்ன்ஸ் 1785 நவம்பரில் மாஸ்கீல் பண்ணையில் உழும்போது ஏர்க்கொழு ஓர் எலி வளையைப் பெயர்த்துவிடுகிறது. அந்த எலியைப் பார்த்து எழுதிய கவிதையில், வீடும் போய், பனிமழையின் ஒழுகலையும் உறைபனிக் குளிரையும் நீ எப்படிப் பொறுப்பாய் என்று வருந்துகிறார். “டு தோல் த விண்டர்ஸ் ஸ்லீட்டி ட்ரிபிள்” என்பது அந்த வரி. உங்கள் ஆஸ்பத்திரியில் விடுமுறை கிடைத்தால் மாக்லின் பக்கம் ஒரு நடை வாருங்கள். மாஸ்கீல் பண்ணை அந்த ஊருக்குக் கிட்டத்தில்தான்.

ஆனால் எனக்கு அதைவிட நெஞ்சில் தைப்பது வேறொரு வரி. இரண்டு நாய்கள் பேசிக்கொள்வதாக அவர் எழுதிய கவிதை, 1786இல் கில்மார்னக்கில் அச்சான அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. அதில் ஒரு நாய் சொல்கிறது: கையில் காசில்லாத குத்தகைக்காரர்கள் “மான் தோல் எ ஃபாக்டர்ஸ் ஸ்னாஷ்”. ஃபாக்டர் என்றால் நிலச்சுவான்தாரின் காரியக்காரர், குத்தகைப் பணம் வசூலிக்க வருபவர். ஸ்னாஷ் என்றால் ஏச்சுப் பேச்சு. காரியக்காரன் கத்துவான், மிரட்டுவான், பொருளை ஜப்தி செய்வான். குத்தகைக்காரன் தலைகுனிந்து நடுங்கிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இது கற்பனை இல்லை. பர்ன்ஸின் அப்பா மவுண்ட் ஆலிஃபன்ட் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நொடிந்தவர். காரியக்காரர் அனுப்பிய மிரட்டல் கடிதங்கள் வீட்டில் எல்லாரையும் அழவைத்தன என்றும், கவிதையில் வரும் ஃபாக்டர் அந்த ஆள்தான் என்றும் பர்ன்ஸே 1787இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டு வளர்ந்த சமூகம் தங்கச்சி இது. முதலாளி முன்னால் வாய் திறக்காமல் நின்ற குடியானவர்களின் பேரன்கள்தான் உங்கள் கட்டிலில் கிடப்பவர்கள். அவர்களுக்கு ‘தோல்’ ஒரு மரியாதைப் பிரச்சினை. வலிக்கிறது என்று சொன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்வதாக நினைப்பார்கள். “ஹீ தட் தோல்ஸ் ஓவர்கம்ஸ்” என்று இங்கே ஒரு பழமொழியே உண்டு. பொறுத்தார் பூமி ஆள்வார், அதேதான்.

வழக்காடி எழுதியது:

எடின்பரோவில் சட்டம் படிக்கிறேன். இந்தச் சொல் எங்களுக்கு முதல் வருடப் பாடம். கிராமத்துப் பேச்சில் மட்டும் ஒளிந்திருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஒருவர் மீது வழக்கு நடந்து தீர்ப்பு வந்துவிட்டால், அதே குற்றத்துக்கு மறுபடி அவரை நிறுத்த முடியாது என்ற கொள்கைக்கு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பெயர் ‘தோல்ட் அஸைஸ்’. அஸைஸ் என்றால் பழைய வழக்கில் விசாரணை, ஜூரி. “ஹீ ஹாஸ் தோல்ட் ஹிஸ் அஸைஸ்” என்றால், தான் பட வேண்டிய விசாரணையை அவர் பட்டு முடித்துவிட்டார் என்று பொருள். குற்றவாளியா இல்லையா என்பது வேறு. 15 பேர் கொண்ட ஜூரிக்கு முன் நிற்பதே ஒரு பாடு என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இது சமீப காலத்தில் பெரிய அளவில் பேசப்பட்டது ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’ கொலை வழக்கில். 1977 அக்டோபரில் எடின்பரோவின் வேர்ல்ட்ஸ் எண்ட் என்ற மதுக்கடையில் கடைசியாகக் காணப்பட்ட 17 வயதுப் பெண்கள் இருவர் கொலையுண்டார்கள். 2007இல் ஆங்கஸ் சின்க்ளேர் மீது விசாரணை தொடங்கி, பதில் சொல்ல வேண்டிய அளவுக்குச் சாட்சியம் இல்லை என்று நீதிபதி பாதியிலேயே முடித்துவிட்டார். அஸைஸ் முடிந்தது, இனித் தொட முடியாது. மக்கள் கொதித்தார்கள். 2011இல் நாடாளுமன்றம் இரட்டை விசாரணைத் தடைக்கு ஒரு சட்டம் இயற்றி, புதிய வலுவான சாட்சியம் கிடைத்தால் மறுவிசாரணை நடத்தலாம் என்று விதிவிலக்கு வைத்தது. அதன்படி மறுபடி நிறுத்தப்பட்ட முதல் ஆள் சின்க்ளேர்தான். 2014 நவம்பரில் தண்டனை: குறைந்தது 37 ஆண்டுகள். அந்தப் பெண்களின் குடும்பங்கள் 37 ஆண்டுகள் காத்திருந்தன. எங்கள் வகுப்பில் இந்த வழக்கு வந்த அன்று அறையில் யாரும் பேசவில்லை.

துறைமுகத்தான் எழுதியது:

நான் கிளாஸ்கோவில இருக்கிறன், சொந்த இடம் வல்வெட்டித்துறை. எனக்கு இந்தச் சொல் வேற மாதிரித்தான் பழக்கம். இங்க கிளைட் ஆத்தில வள்ளம் வலிக்கிற கிளப் ஒண்டில சேர்ந்தனான். துடுப்பு விலகாம நிக்கிறதுக்கு வள்ளத்தின்ர விளிம்பில ஒரு முளை அடிச்சிருக்கும். அதை இவையள் ‘தோல் பின்’ எண்டு சொல்லுவினம். நான் நினைச்சன், துடுப்பின்ர முழுப் பாரத்தையும் அந்த முளைதானே தாங்குது, அதால ‘தாங்கிறது’ எண்ட கருத்தில அந்தப் பேர் வந்திருக்கும் எண்டு. ஏர்க்கரையான் அண்ணை, இது சரியோ?

ஏர்க்கரையான் எழுதியது:

தம்பி, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். படகு முளைக்குப் பழைய நார்ஸில் ‘தோல்லர்’ என்று ஒரு பெயர்ச்சொல். மரம், முளை என்று பொருள். பொறுத்தலுக்கான வினை தனி வேரிலிருந்து வருகிறது. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றாகக் கேட்கின்றன.

ஆனால் நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் உங்களுக்கு இதைவிட நல்ல உறவு ஒன்றைச் சொல்கிறேன். இந்த வினையின் வேரைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால், இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் மூலமான ஒரு வேர் வருகிறது. தூக்கு, தாங்கு, எடை நிறு என்று அதற்குப் பொருள். லத்தீனில் ‘தோலெராரே’, அதிலிருந்து ஆங்கிலத்தின் ‘டாலரேட்’. கிரேக்கத்தில் ‘தலாந்தோன்’, தராசு, எடை. இன்று ‘டேலண்ட்’ என்கிறோமே, அது. லத்தீனில் ‘த’ இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் அந்தப் பல்லிடுக்கு ஒலி வரும், லத்தீன் ‘த்ரேஸ்’ ஆங்கிலத்தில் ‘த்ரீ’ ஆனது போல. சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘துலா’. அங்கிருந்து தமிழுக்கு வந்ததுதான் துலாக்கோல், துலாம் ராசி, ஐப்பசியைத் துலா மாதம் என்பது. உங்கள் ஊர்க் கிணற்றுத் துலாவும் அதே சொல்தான்.

துறைமுகத்தான் எழுதியது:

அண்ணை, மெய்யாவோ! எங்கட அப்பப்பா துலா மிதிச்சுத்தான் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சவர். வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாத்துக்கும் அந்தத் தண்ணிதான். இண்டைக்கு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லப்போறன்.

புதுவை வாசகன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இது கொச்சை ஆங்கிலம்தானே? படித்தவர்கள் யாரும் பேசாத ஒரு திரிபுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? நோயாளிகளை ஒழுங்கான ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொல்லலாமே.

ஏர்க்கரையான் எழுதியது:

ஐயா, இதை நான் விடமாட்டேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் ‘அய்’ (ஆமாம்) என்று சொன்னதற்காகக் கண்டிக்கப்பட்டவள். ‘யெஸ்’ என்று சொல் என்பார்களாம். அதைச் சொல்லும்போது இன்றும் அவள் குரல் மாறும்.

இவர்கள் பேசும் ‘ஸ்காட்ஸ்’ மொழி, ஆங்கிலத்திலிருந்து திரிந்தது இல்லை. இரண்டும் பழைய ஆங்கிலம் என்ற ஒரே வயிற்றில் பிறந்தவை. தெற்கத்திப் பேச்சு லண்டன் அரசவையோடு வளர்ந்தது. வடக்கத்திப் பேச்சு எடின்பரோ அரசவையோடு வளர்ந்தது. ஸ்காட்லாந்து தனி அரசாக இருந்தபோது சட்டமும் கவிதையும் கடிதமும் ஸ்காட்ஸில்தான் எழுதப்பட்டன. 1603இல் ஜேம்ஸ் மன்னர் லண்டனுக்குப் போனார், 1707இல் நாடாளுமன்றமும் போனது. அதன் பிறகுதான் மேட்டுக்குடி தன் வீட்டு மொழியைக் கண்டு கூச ஆரம்பித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சம் பேருக்கு மேல் ஸ்காட்ஸ் பேசுவதாகப் பதிந்தார்கள். 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய மொழிச் சட்டம் ‘கேலிக்’ என்ற இங்குள்ள இன்னொரு மொழிக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வ நிலை கொடுத்திருக்கிறது.

படித்தவர்கள் யாரும் பேசுவதில்லை என்றீர்கள். நோபல் பரிசு பெற்ற ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி, பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை மொழிபெயர்த்து 1999இல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் இந்தச் சொல்லைப் பற்றியே எழுதியிருக்கிறார். அகராதியில் ‘தோலியன்’ என்று பார்த்தபோது முதலில் அந்நியமாகத் தெரிந்ததாம். முதல் எழுத்தே இன்றைய ஆங்கிலத்தில் இல்லாத ‘தார்ன்’ என்ற பழைய எழுத்து. பிறகுதான் உறைத்தது, துக்க வீட்டுக்காரர்களைப் பற்றி “அவர்கள் தோல் பண்ணக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்” என்று தன் அத்தை சொல்லிக் கேட்ட சொல் இது என்று. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் கொண்டுபோனது. அங்கிருந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கும் போயிற்று. ஆயிரம் வருடக் காவியத்துக்குள் நுழைய அவருக்குச் சாவி கொடுத்தது அத்தையின் பேச்சு.

அறுவை முடிந்து மயக்கம் தெளியும் மனிதனுக்கு வாயில் முதலில் வருவது தாய் சொன்ன சொல்தான். அதை மாற்றிப் பேசு என்று அவரிடம் எப்படி ஐயா சொல்வது?

வடக்குக் காற்று எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. நான் யார்க்‌ஷயரில் லீட்ஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே பெரியவர்கள் ‘தாய்ல்’ என்பார்கள், அதே சொல்தான். ஆனால் பொருள் காசுப் பக்கம் சாய்ந்துவிட்டது. கையில் பணம் இருந்தும் ஒரு பொருளுக்கு அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை என்றால் “ஐ கான்ட் தாய்ல் இட்” என்பார்கள். என் பக்கத்து வீட்டம்மா புதுக் கோட் வாங்கப் போய், விலையைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லித் திரும்பி வந்தார். செலவையும் தாங்க வேண்டியிருக்கிறதே.

பாமணி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏர்க்கரையான் அண்ணா, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். எண் கேட்காமல், “ராத்திரி எத்தனை மணிக்கு விழித்தீர்கள்?” என்றேன். இரண்டு மணியிலிருந்து தூங்கவே இல்லையாம். பிசியோதெரபி வருவதற்கு முன்பாக மாத்திரை போகும்படி டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றி வாங்கினேன். மறுநாள் காலை மடக்கிக் காட்டினார். அவர் இன்னமும் எண் சொல்லவில்லை!

ஷிப்ட் மாறும்போது அடுத்தவர்களுக்கு எழுதும் ஹேண்டோவர் குறிப்பிலும் இந்தச் சொல்லை அவர் சொன்னபடியே மேற்கோளாக எழுதி, பக்கத்தில் தூக்கம், நடை விவரத்தையும் எழுதிவிடுகிறேன். கேரளத்திலிருந்து புதிதாக வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

இப்படி வார்டில் காதில் விழும் வேறு சொற்களும் இருந்தால் எழுதுங்கள் அண்ணா. நேற்று ஒரு பாட்டி ‘ஓக்ஸ்டர்’ வலிக்கிறது என்றார். எந்த இடம் என்று கையால் காட்டச் சொன்னேன்.

ஏர்க்கரையான் எழுதியது:

ஓக்ஸ்டர் என்றால் அக்குள். இதுவும் பழைய ஆங்கிலச் சொல்தான். ஊன்றுகோல் உரசுகிறதா என்று பாருங்கள்.

உங்கள் வேலைக்கு உடனே வேண்டியவை இவை. ‘ஹோஸ்ட்’ என்றால் இருமல். ‘போக்’ என்றால் குமட்டல், வாந்தி. மயக்க மருந்துக்குப் பிறகு நிறையக் கேட்பீர்கள். ‘ஸ்டூன்ட்’ என்றால் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, ‘சேர்’ என்றால் பொதுவாக வலிக்கிறது. ‘ஹேர்ப்பிள்’ பண்ணுகிறார் என்றால் நொண்டி நொண்டி நடக்கிறார். முகம் வெளுத்துப்போனால் ‘பீலி-வாலி’. உடம்பில் சத்தே இல்லாமல் அசந்துபோனால் ‘வாபிட்’.

‘ட்வாம்’ என்ற சொல்லை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஜன்னலைப் பார்த்தபடி எங்கோ நினைவாக இருப்பதையும் அப்படிச் சொல்வார்கள், தலைசுற்றி மயக்கம் வருவதையும் அப்படியே சொல்வார்கள். “ஷீஸ் இன் எ ட்வாம்” என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால், உடனே போய் ரத்த அழுத்தம் பாருங்கள்.